தத்துவமும் தாங்கும் கரமும்: பல்கலைக்கழகக் குழந்தை பராமரிப்பு நிலையங்கள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

பல்கலைக்கழகமொன்று தனது வளாகத்தினுள் குழந்தை பராமரிப்பு நிலையமொன்றை நிறுவும்பொழுது, கட்டடத்துக்கு அடுத்தபடியாக அது ஆக்கிக்கொள்வது ஒரு தத்துவக் கூற்றாகும். அக்கூற்று எந்நாட்டிலும் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்திருக்கக் காணலாம். குழந்தை தனித்துவம் வாய்ந்தது. அது விளையாட்டின் வாயிலாகவே கற்கின்றது. ஒவ்வொரு குழந்தையும் தனக்குரிய வேகத்தில் வளர்கின்றது. உடல், உள்ளம், மொழி, சமூகவுணர்வு ஆகிய யாவும் ஒருங்கே பேணப்படல் வேண்டும். பெற்றோர் நிலையத்தின் பங்காளிகள் ஆவர். இவ்வாக்கியங்களை மறுப்பார் எவருமிலர். மறுப்பார் இல்லாமையே ஒருவகையில் இவற்றின் குறைபாடுமாகும். எத்தரப்பினரும் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளக்கூடிய கூற்று, நடைமுறையில் எதனையும் தீர்மானிக்க வல்லதன்று.

எனவே, இத்தகைய நிலையமொன்றின் வழிகாட்டும் தத்துவத்தை மதிப்பிட விழைவோர் கூற்றினை மட்டும் நோக்கின் போதாது. குழந்தையை நாள் முழுவதும் தாங்கி நிற்பவர் யார்? அவர் எவ்வளவு காலம் அக்குழந்தையோடு நிலைத்திருக்கிறார்? அவருக்குப் பல்கலைக்கழகம் அளிக்கும் தகுதி யாது? இம்மூன்று வினாக்களுக்கும் நடைமுறை தரும் விடைகளே நிலையத்தின் மெய்யான தத்துவமாகும். கூற்றும் விடையும் ஒத்துச்செல்லாதவிடத்து, குழந்தையின் வாழ்வை ஆள்வது விடையேயன்றிக் கூற்றன்று. கடந்த நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இதனைத் தெளிவாக்குகின்றது. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்கள் பல ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களிலேயே நிகழ்ந்தமையால், இந்நோக்கும் பெரிதும் அவற்றையே சார்ந்து அமைகின்றது.

கருத்துக்களின் ஊற்றுக்கண்

மேற்குறித்த வாய்பாடு பல சிந்தனையாளரிடமிருந்து திரண்டு வந்ததாகும். 1762இல் வெளிவந்த ‘எமில்’ என்னும் நூலில் ரூசோ, குழந்தை சிறியதொரு முதியோனன்று எனவும், குழந்தைப் பருவம் தனக்கேயுரிய நியதிகளைக் கொண்டதெனவும் வற்புறுத்தினார். பெஸ்தலோசி அக்கருத்தை ஏழைக் குழந்தைகளின் கல்விக்குப் பிரயோகித்தார். புறோபல் 1837இல் ஜெர்மனியில் தமது நிறுவனத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குச் ‘சிறுவர் பூங்கா’ என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினார். விளையாட்டு வீண்பொழுதன்று, அதுவே குழந்தையின் வளர்ச்சிச் செயல் என்னும் எண்ணம் அவர் வழியாகவே நிலைபெற்றது. 1851இல் பிரஷ்ய அரசு அவரது பள்ளிகளைத் தடைசெய்தமையை நோக்குமிடத்து, இன்று எவரையும் உறுத்தாத இக்கருத்துக்கள் அன்று ஆள்வோரை அச்சுறுத்தும் வலிமை பெற்றிருந்தன என்பது புலனாகும்.

ஆயினும் இம்மரபின் தொடக்கத்திலேயே ஒரு முரண்பாடு காணப்படுகின்றது. குழந்தைமையின் தத்துவாசிரியரான ரூசோ, தமது ஐந்து குழந்தைகளையும் ஒருவர் பின் ஒருவராக அநாதைகள் இல்லத்துக்கு அனுப்பியதைத் தாமே எழுதி ஒப்புக்கொண்டவர். இதனைத் தனிமனித ஒழுக்கக் குறையாக மட்டும் கொள்வது போதாது. குழந்தையைப் பற்றிச் சிந்திக்கும் தொழிலும், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் தொழிலும் வெவ்வேறு மனிதருக்குரியனவாகப் பிரிந்துபோன சமுதாயத்தின் விளைவு அது. முன்னையது கௌரவமுடையதாயிற்று, பின்னையது கூலியற்றதாகவோ குறைந்த கூலியுடையதாகவோ பெண்கள்மீது சுமத்தப்பட்டது. இப்பிரிவினை பல்கலைக்கழக வாயிலில் நின்றுவிடவில்லை, உள்ளேயும் நுழைந்தது.

சிந்தனையையும் நடைமுறையையும் பல்கலைக்கழகத்தினுள் இணைக்க முயன்றோரில் தலையாயவர் ஜோன் டூயி. 1896 ஜனவரியில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அவர் தொடங்கிய பள்ளியில் முதலில் 16 மாணவரே இருந்தனர். பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஆய்வுகூடம் எத்தன்மையதோ, கல்வியியலுக்கு இப்பள்ளி அத்தன்மையது என்பது அவரது நிலைப்பாடு. ‘ஆய்வுகூடப் பள்ளி’ என்னும் பெயரும் அவ்வாறே வழங்கலாயிற்று. ஈண்டு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், டூயியின் ஆய்வுகூடத்தில் சோதனைக்கு உட்பட்டது குழந்தையன்று, முதியோரின் கருத்தே. கருத்து பிழைத்தால் திருத்தப்பட வேண்டியது கருத்து. ஆசிரியைகளும் ஏவலராக இராது, பாடத்திட்டத்தை ஆக்குவதில் பங்காளராயினர். அப்பள்ளியின் விரிவான வரலாற்றை 1936இல் நூலாகத் தந்தோர், அங்கு ஆசிரியைகளாகப் பணியாற்றிய சகோதரியர் இருவரே.

ஆனால் நிருவாகத்தோடு ஏற்பட்ட பிணக்கின் விளைவாக 1904இல் டூயி சிக்காகோவை விட்டு நீங்கினார். ‘ஆய்வுகூடம்’ என்னும் உவமை எஞ்சியது. அதனைப் பின்னர் ஏற்றுக்கொண்டோர் பலர் அதன் பொருளைத் தலைகீழாக்கினர். கருத்து நின்ற இடத்தில் குழந்தை நிறுத்தப்பட்டது.

பயிற்சிப் பொருளாகிய குழந்தை

இம்மாற்றத்தின் உச்சநிலையைக் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் மனைப்பொருளியற் கல்வியிற் காணலாம். மாணவியர் இல்லறத்தை விஞ்ஞான முறையிற் பயிலும்பொருட்டு அங்கு ‘பயிற்சி வீடு’ ஒன்று அமைக்கப்பட்டது. சமையலையும் கணக்கையும் போலக் குழந்தை வளர்ப்பும் பயிலப்பட வேண்டியதென்பதால், 1920 முதல் அநாதை நிலையங்களிலிருந்து உயிருள்ள குழந்தைகள் இரவலாகப் பெறப்பட்டனர். மாணவியர் முறைவைத்துத் தாயராயினர். ஒருத்தியின் முறை முடிய மற்றொருத்தி பொறுப்பேற்றாள். குழந்தையின் எடை, உணவு, உறக்கம் யாவும் குறித்து வைக்கப்பட்டன. பாடநெறியின் பெயரைச் சுருக்கி அக்குழந்தைகளுக்குக் குடும்பப் பெயராகவும் சூட்டினர். உரிய காலம் கழிந்ததும் குழந்தை திருப்பி அனுப்பப்பட்டது. விஞ்ஞான முறையில் வளர்க்கப்பட்ட குழந்தைகள் எனத் தத்தெடுப்போர் அவர்களை விரும்பி ஏற்றனர்.

இந்நடைமுறையைக் கொடுமை என ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது விமரிசனமாகாது. அக்குழந்தைகள் நன்கு உண்டனர், தூய்மையாகப் பேணப்பட்டனர், பலர் அநாதை நிலையத்திற் பெற்றிருக்கக்கூடியதிலும் மேலான கவனிப்பைப் பெற்றனர். பெண்களின் வீட்டு உழைப்பு அறிவுடைய தொழிலாக மதிக்கப்பட வேண்டுமென்ற முற்போக்கான எண்ணமும் அக்கல்வியின் பின்னணியில் இருந்தது. குறை பிறிதோரிடத்தில் உள்ளது. பராமரிப்பு என்பது ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு இழப்பின்றி மாற்றத்தக்க செயல்களின் தொகுதி என அத்திட்டம் கொண்டது. பாலூட்டுபவர் எவராயினும் பால் ஒன்றே என்பது அதன் உட்கிடை. 1951இல் உலக சுகாதார தாபனத்துக்காக ஜோன் போல்பி எழுதிய அறிக்கை, குழந்தையின் உளநலத்துக்கு நிலையான, நெருங்கிய உறவு இன்றியமையாதது என வற்புறுத்தியபொழுது, இவ்வுட்கிடையின் அடித்தளம் ஆட்டங்கண்டது. அக்கல்லூரி 1969இல் மானிடச் சூழலியற் கல்லூரி எனப் பெயர் மாற்றம் பெற்றபோது, இரவற் குழந்தைகளும் பாடத்திட்டத்திலிருந்து மறைந்துவிட்டிருந்தனர்.

அயோவா தந்த எதிர்ச்சான்று

கோர்னெலுக்கு நேரெதிரான சான்றொன்றைத் தந்ததும் ஒரு பல்கலைக்கழகமே என்பது விதந்து கூறத்தக்கது. சோளத்தையும் பன்றியையும் மேம்படுத்த ஆராய்ச்சி செய்யும் அரசு, குழந்தைக்காக ஏன் செய்யலாகாது என்று வாதாடிய கோரா பஸி ஹில்லிஸ் என்னும் பெண்மணியின் இடைவிடா முயற்சியால், 1917இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் குழந்தைநல ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அந்நிலையத்தைச் சார்ந்த ஹரோல்ட் ஸ்கீல்ஸ், நெரிசல் மிக்க அநாதை நிலையமொன்றில் வளர்ச்சி குன்றியோர் எனக் கணிக்கப்பட்ட 13 குழந்தைகளை, உளவளர்ச்சி குன்றிய பெண்கள் வாழ்ந்த இல்லத்துக்கு மாற்றினார். அங்கிருந்த பெண்கள் அக்குழந்தைகளைத் தம் குழந்தைகளாகவே ஏற்றனர். பெரும்பாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெண் சிறப்பாக உரிமை பூண்டு தாயானாள். அநாதை நிலையத்திலேயே தங்கிய 12 குழந்தைகள் ஒப்பீட்டுக் குழுவாயினர்.

1939இல் வெளியான முடிவுகளின்படி, மாற்றப்பட்ட குழந்தைகளின் நுண்மதி ஈவு சராசரியாக ஏறத்தாழ 28 புள்ளிகள் உயர்ந்திருந்தது. தங்கியோரது ஈவு சராசரியாக 26 புள்ளிகள் வீழ்ந்திருந்தது. நுண்மதி பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டது எனக் கருதிய ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் டேர்மன் போன்றோர், அயோவா ஆராய்ச்சியாளரின் முடிவுகளைக் கடுமையாகச் சாடினர். 1966இல் ஸ்கீல்ஸ் அவர்களது வளர்ந்த நிலையை வெளியிட்டார். மாற்றப்பட்ட 13 பேரும் தம் காலில் நிற்போராயினர். தங்கிய 12 பேரில் ஒருவர் இளவயதில் இறந்திருந்தார். நால்வர் அப்பொழுதும் நிலையங்களிலேயே இருந்தனர். குழுக்கள் மிகச் சிறியன. முன்திட்டமிட்ட பரிசோதனைக்குரிய ஒழுங்கும் அவற்றில் இல்லை. மாற்றப்பட்டவர்களில் 11 பேர் பின்னர் தத்தெடுக்கப்பட்டமையும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகும். ஆயினும் அக்காரணமும் நிலைத்த உறவின் பயனையே சுட்டுகின்றது.

இவ்விரு சான்றுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். கோர்னெலில் குழந்தையைத் தாங்கியோர் பல்கலைக்கழக மாணவியர். முறையான பயிற்சி பெற்றோர். ஆனால் மாறிக்கொண்டே இருந்தோர். அயோவாவில் தாங்கியோர் சமுதாயத்தால் அறிவற்றோர் என முத்திரை குத்தப்பட்டவர். ஆனால் நிலைத்து நின்று நேசித்தோர். பயிற்சி வேண்டியதில்லை என்பது இதன் பொருளன்று. நிலைபேறு இல்லாதவிடத்துப் பயிற்சி தன் பயனை முழுமையாகத் தரவியலாது என்பதே பொருள்.

ஆய்வுப் பொருளாகிய குழந்தை

ஸ்ரான்போட் பல்கலைக்கழக வளாகத்தில் 1966இல் திறக்கப்பட்ட பிங் பாலர் பாடசாலை, பல்கலைக்கழகப் பாலர் பாடசாலைகளுள் மிகவும் புகழ்பெற்றது. விசாலமான முற்றம், மணல், நீர், மரக்கட்டை, களிமண், கட்டற்ற விளையாட்டு என்பன அதன் சிறப்புகள். அதே வேளை, குழந்தை அறியாதவாறு அவதானிப்பதற்கான ஒருவழிக் கண்ணாடிகளும் ஆய்வறைகளும் அதன் அமைப்பிலேயே இடம்பெற்றன. வோல்டர் மிஷெல் 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் முற்பகுதியிலும் நிகழ்த்திய மிட்டாய்ப் பரிசோதனைகள் இங்கேயே நடைபெற்றன. குழந்தையின் முன் இனிப்பொன்று வைக்கப்படும்; உண்ணாது காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்திற் கல்வியிலும் பிறவற்றிலும் மேம்பட்டனர் எனப் பின்வந்த அறிக்கைகள் கூறின. இதிலிருந்து தன்னடக்கமே வெற்றியின் திறவுகோல் என்னும் முடிவு பரவி, பாடசாலைகளையும் பெற்றோரையும் ஆட்கொண்டது.

ஆனால் அப்பரிசோதனைக்குட்பட்டோர் பெரும்பாலும் பல்கலைக்கழகச் சமூகத்தினரின் பிள்ளைகள். அவர்களது வீட்டில் இனிப்புக்குப் பஞ்சமில்லை; முதியோர் தந்த வாக்கு பொய்க்கும் என்ற அனுபவமும் அரிது. ஒரு வர்க்கத்தின் குழந்தைமை மனித குலத்தின் குழந்தைமையாகக் கொள்ளப்பட்டது. 2018இல் வாற்ஸ், டங்கன், குவான் ஆகியோர் 900க்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்தனர். பட்டம் பெறாத தாய்மாரின் பிள்ளைகளிடையே, காத்திருத்தலுக்கும் பிற்காலக் கல்விப் பேற்றுக்கும் இடையிலான தொடர்பு முன்பு கண்டதில் ஏறத்தாழ அரைவாசியே எனவும், குடும்பப் பின்னணி முதலியவற்றைக் கணக்கிற்கொண்டபின் அதுவும் பெரும்பகுதி தேய்ந்துவிடுகிறது எனவும் அவர்கள் கண்டனர்.

இதனினும் ஆழமான விளக்கம் 2013இல் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 28 குழந்தைகள் இரு குழுக்களாக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குச் சித்திரம் தீட்டும் நல்ல பொருள்கள் தருவதாகச் சொன்னவர் சொன்னவாறே தந்தார். மற்றக் குழுவுக்கு வாக்களித்தவர் வெறுங்கையோடு திரும்பினார். பின்னர் இனிப்புச் சோதனை நிகழ்ந்தபொழுது, முதற் குழுவினர் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தனர். இரண்டாம் குழுவினர் 3 நிமிடங்களே காத்திருந்தனர். காத்திருக்காத குழந்தை அடக்கமற்றதன்று. நம்பத்தகாத முதியோர் முன்னிலையில் அது அறிவோடு நடந்துகொண்டது. குழந்தையின் குணம் என அளக்கப்பட்டதில் ஒரு பெரும்பகுதி, அதன் எதிரே நின்ற முதியோரின் குணமேயாகும். இங்கும் விவாதம் தாங்கும் கரத்துக்கே மீள்கின்றது.

உழைப்பும் ஊதியமும்

ஆராய்ச்சி, பயிற்சி என்பவற்றோடு, பெற்றோரின் உழைப்பும் கல்வியும் தடையின்றி நிகழ்வதற்காகவும் பல்கலைக்கழகங்கள் குழந்தைகளைப் பொறுப்பேற்கின்றன. இது நியாயமான தேவை. குழந்தை பெற்றமையால் ஒரு மாணவியின் படிப்போ ஊழியரின் தொழிலோ முறிந்துபோதல் ஆகாது. ஈண்டு முன்வைக்கப்படும் விமரிசனம், தாய் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்னும் பழமைவாதத்துக்கு எவ்வகையிலும் துணைபோவதன்று. ஒரு பெண்ணின் விடுதலை மற்றொரு பெண்ணின் மலிவான உழைப்பின்மீது கட்டப்படலாகாது என்பதே அதன் சாரம்.

ஐக்கிய அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 227 நிலையங்களை ஆராய்ந்து 1989இல் வெளியான ஆய்வு இதனைப் புள்ளிவிபரங்களோடு நிறுவியது. பராமரிப்பாளருள் ஆண்டொன்றுக்கு 41 வீதத்தினர் தொழிலை விட்டு நீங்கினர். நிலையத்தின் தரத்தைத் தீர்மானித்த காரணிகளுள் ஊதியம் முதன்மை பெற்றது. பராமரிப்பாளர் அடிக்கடி மாறிய நிலையங்களில் குழந்தைகளின் மொழி வளர்ச்சியும் சமூக வளர்ச்சியும் பின்தங்கின. ‘அன்பான, நிலையான சூழல்’ எனக் கூற்றில் எழுதி, அதனை வழங்க வேண்டியவருக்கு நிலைத்திருக்க இயலாத ஊதியத்தை விதிக்கும் நிலையம், தன் தத்துவத்தைத் தானே சம்பளப் பட்டியலில் மறுத்துரைக்கின்றது.

இது இலங்கை வாசகருக்கு அந்நியமான உண்மையன்று. மலையகத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் தம் கைக்குழந்தைகளை விட்டுச்சென்ற ‘பிள்ளைக் காம்பரா’, இந்நாட்டின் பழைமையான குழந்தை பராமரிப்பு அமைப்புகளுள் ஒன்று. அதற்குத் தத்துவக் கூற்று எதுவும் இருக்கவில்லை. தாயின் கை கொழுந்துக்கு வேண்டியிருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வேண்டியிருந்தாள். பின்னாளில் அது ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்னும் பெயரையும் பயிற்றப்பட்ட உத்தியோகத்தரையும் பெற்றது. மறுபுறத்தில், 1944இல் மரியா மொண்டிசோரி இலங்கைக்கு வந்து பயிற்சிநெறி நடத்திய பின்னணியில், அவரது பெயரே நகரப்புறங்களிற் பாலர் பாடசாலைக்குப் பொதுப்பெயராகிவிட்டது. அவரது முறையைப் பின்பற்றாத பள்ளியும் ‘மொண்டிசோரி’ எனவே அழைக்கப்படுகின்றது. ஒன்று தத்துவமின்றி நடைமுறையாக இருந்தது. மற்றது பல இடங்களில் நடைமுறையின்றிப் பெயராக மட்டும் நிற்கின்றது. பல்கலைக்கழகம் ஒன்று இவ்விரண்டுக்கும் அப்பால் செல்ல வேண்டுமாயின், பெயரையும் கூற்றையும் விடுத்துக் காம்பராவில் இருந்தவளின் நிலையிலிருந்து சிந்திக்கத் தொடங்குதல் வேண்டும்.

கூற்று எவ்வாறு அமைதல் தகும்?

இதுவரை கூறியவற்றால், தத்துவக் கூற்றே வேண்டாம் என்பது கருத்தன்று. பொறுப்புக்கூறத்தக்க கூற்று வேண்டும் என்பதே கருத்து. ‘ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது’ என்னும் வாக்கியத்தின் அருகே, ஒரு பராமரிப்பாளருக்கு எத்தனை குழந்தைகள் என்பது எழுதப்படல் வேண்டும். ‘நிலையான உறவு’ என்பதன் அருகே, அதே பராமரிப்பாளர் அதே குழந்தைகளுடன் எத்தனை ஆண்டுகள் இருப்பார் என்பது குறிக்கப்படல் வேண்டும். இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரசபை 1963 முதல் நிறுவிய பாலர் பாடசாலைகளில், ஆசிரியர் இருவர் ஒரே குழந்தைக் குழுவோடு மூன்று ஆண்டுகள் தொடரும் வழக்கம் உண்டு. அப்பாடசாலைகளின் அழகிய முற்றங்களையும் சித்திரக்கூடங்களையும் போற்றிப் பின்பற்றும் நிலையங்கள், இவ்வழக்கத்தையே முதலிற் பின்பற்றியிருத்தல் வேண்டும்.

‘பெற்றோர் பங்காளிகள்’ என்பதன் அருகே, பேராசிரியரின் பிள்ளைக்கும் வளாகத்தைத் துப்புரவு செய்யும் ஊழியரின் பிள்ளைக்கும் ஒரே வாயிலில் அனுமதியுண்டா என்பது தெரிவிக்கப்படல் வேண்டும். ஆராய்ச்சி நிகழுமாயின், பெற்றோரின் சம்மதத்தோடு, விளையாட்டை விட்டு ஆய்வறைக்கு வர விரும்பாத குழந்தையின் மறுப்பும் மறுப்பாகவே கொள்ளப்படுமா என்பது உறுதிசெய்யப்படல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பராமரிப்பாளர் பல்கலைக்கழகத்தின் கல்விசார் வாழ்வில் எவ்விடத்தைப் பெறுகிறார் என்பது வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும். குழந்தையின் நாளை முழுமையாக அறிந்தவர் அவரே. அவரது அவதானம் விரிவுரையாளரின் ஆய்வுக்கு மூலப்பொருளாக மட்டும் பயன்பட்டு, அவரது பெயர் எங்கும் இடம்பெறாதுபோகும் நிலை, ரூசோவின் காலத்துப் பிரிவினையின் இன்றைய வடிவமேயாகும்.

குழந்தை தத்துவக் கூற்றை வாசிப்பதில்லை. காலையில் வாயிலில் தன்னை ஏற்கும் முகம் நேற்றைய முகந்தானா என்பதையே அது நோக்குகின்றது. தன்னைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் எது மெய், எது பொய் என்பதை அது அவ்வொரு பார்வையில் அறிந்துகொள்கின்றது. பல்கலைக்கழகம் தனது தத்துவத்தை உரைத்துப்பார்க்க அதனினும் நம்பகமான உரைகல் பிறிதில்லை.